ஏலத்தில் வரும் ரோமத் தங்கக் காசை நம்பி வாங்கலாமா? சாலிடஸ் சேகரிப்பை எப்படித் தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு மூன்று கேள்விகள். ஜெர்மனியில் நடக்கும் ஏலத்தில் ரோமப் பேரரசர் ஹொனோரியஸின் தங்கக் காசு ஒன்று வருகிறது, எடை 4.46 கிராம், பின்பக்கத்தில் எம், டி என்று இரண்டு எழுத்து, சிங்கப்பூரில் இருந்துகொண்டு அதை வாங்கலாமா என்பது முதல் கேள்வி. 1,600 வருடத்துக் காசு நேற்று அடித்ததுபோல் எப்படி இருக்கும், போலியோ என்பது இரண்டாவது. தங்கம் விலை ஏறிக்கொண்டே போவதால் இது நல்ல முதலீடா என்பது மூன்றாவது. எனக்கு இவை மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. கையில் வாங்கிப் பார்க்காத, பார்த்துப் பழகாத ஒரு பொருளை எதை வைத்து நம்புவது? அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன், மற்றவை வழியில் வந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஆறு வருடம் நகை மதிப்பீட்டாளராக இருந்தேன். அப்புறம் 17 வருடமாக மியூனிக்கில் நாணய ஏலங்களுக்குப் பட்டியல் எழுதும் வேலை. அதாவது இந்த வியாபாரத்துக்குள் இருக்கிறவன். நான் சொல்வதை அந்தச் சார்பையும் கணக்கில் வைத்தே படியுங்கள். வரலாற்றில் எனக்குத் தெரிந்ததெல்லாம் காசுகளைக் கையாண்டு, அதற்காகப் படித்து வந்தது. நீங்கள் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து 'அசல்' என்று நான் சான்று தர முடியாது. படத்தை மட்டும் பார்த்து அப்படிச் சொல்பவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

முதலில் இது என்ன காசு என்று பார்ப்போம். இதன் பெயர் சாலிடஸ். 309 வாக்கில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் இதை அடிக்கத் தொடங்கினார். அதற்கு முன் இருந்த தங்கக் காசு ஆரியஸ். ஜூலியஸ் சீசர் காலத்தில் ஒரு ரோம பவுண்டு தங்கத்தில் 40 ஆரியஸ் அடித்தார்கள். நீரோ அதை 45 ஆக்கினார், கராகலா 50, டயோக்ளீஷியன் 60. அதாவது காசு இளைத்துக்கொண்டே வந்தது. கான்ஸ்டன்டைன் 72 என்று வைத்தார், அதோடு அந்தச் சரிவு நின்றது. ரோம பவுண்டு சுமார் 322 முதல் 327 கிராம் வரை என்று கணக்கிடுகிறார்கள், அதை 72ஆல் வகுத்தால் ஒரு காசு ஏறக்குறைய 4.5 கிராம். நம் ஊர்க் கணக்கில் அரைச் சவரனுக்குக் கொஞ்சம் மேலே. குறுக்களவு 20, 21 மில்லிமீட்டர். இந்த எடையும் மாற்றும், அதாவது தங்கத்தின் சுத்தமும், 11ஆம் நூற்றாண்டு வரை, ஏறக்குறைய 700 வருடம், பெரிய அளவில் குறையாமல் நின்றன. இவ்வளவு காலம் அப்படி நின்ற தங்கக் காசு உலகத்தில் வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நகைக்கடையில் தினமும் சொல்கிற 24 காரட் என்ற கணக்கும் இந்தக் காசிலிருந்தே வந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். ஒரு சாலிடஸை 24 சிலிக்குவாவாகப் பிரித்தார்கள். சிலிக்குவா என்பது கேரப் மரத்து விதை, கிரேக்கத்தில் கெராட்டியன். அந்தச் சொல்தான் மருவிக் காரட் ஆனது. நம் ஆசாரிகள் குன்றிமணியை வைத்து நிறுத்தது போலத்தான் இதுவும். 24 பங்கும் தங்கமாக இருந்தால் 24 காரட்.

சரி, உங்கள் காசுக்கு வருவோம். முகப்பில் முத்துப்பட்டை கட்டிய தலை, வலப்பக்கம் பார்க்கிறது. சுற்றி இருக்கும் எழுத்தில் முதல் இரண்டும் 'டொமினஸ் நோஸ்டர்', அதாவது 'நம் ஆண்டவர்' என்பதன் சுருக்கம். அப்புறம் ஹொனோரியஸ் என்ற பெயர், கடைசியில் 'பக்தியும் பாக்கியமும் உள்ள அகுஸ்டஸ்' என்பதன் சுருக்கம். அகுஸ்டஸ் என்பது பேரரசரின் பட்டம். பின்பக்கத்தில் பேரரசர் நிற்கிறார். ஒரு கையில் படைக்கொடி, மறு கையில் உருண்டை, அதன்மேல் சின்னதாக இறக்கை வைத்த வெற்றித் தேவதை. இடது கால் ஒரு கைதியின் மேல் ஊன்றியிருக்கிறது. அவருக்கு இரு பக்கமும் இருக்கிற எம், டி என்பது மெடியோலானம், இன்றைய மிலான் நகரத்து அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் இடம். இந்த இரண்டு எழுத்து காசின் காலத்தையே சொல்லிவிடும். பேரரசர் எங்கே தங்கியிருக்கிறாரோ அங்கேதான் அந்தக் காலத்தில் பெரும்பாலும் தங்கம் அடித்தார்கள். 402இல் அலாரிக் என்ற தலைவனின் கோத் இனப் படை மிலானை நெருங்கியதும் ஹொனோரியஸ் சதுப்பு நிலம் சூழ்ந்த ராவென்னாவுக்குப் போய்விட்டார். அதன்பின் அதே உருவம், அதே எழுத்து, ஆனால் எம் டி இருந்த இடத்தில் ஆர், வி. ஆக உங்கள் காசு ஏறக்குறைய 394க்கும் 402க்கும் நடுவில் அடித்தது. ஒரு அரசவை பயந்து ஊர் மாறியது இரண்டு எழுத்தில் பதிவாகியிருக்கிறது. இந்த இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் ஒரு சிலிர்ப்பு வருகிறது.

காலடியில் ஒரு கோடு போட்டு அதற்குக் கீழே ஐந்து எழுத்து இருக்கும்: காமோப். கிழக்கு ரோமப் பேரரசின் காசுகளில் கானோப் என்று வரும். கடைசியில் வரும் 'ஓபி' என்பது ஒப்ரீசியக்கும், அதாவது புடம்போட்ட தங்கம் என்ற முத்திரை. அது உறுதி. கிரேக்க எண்முறையில் அதே இரண்டு எழுத்தின் மதிப்பு 72 என்பதும் உண்மை. ஆனால் பவுண்டுக்கு 72 என்று சொல்லத்தான் வேண்டுமென்றே அப்படிப் போட்டார்களா, தற்செயலாக ஒத்துப்போனதா என்பது வாதத்துக்குரியது. இந்த முத்திரை வந்த காரணம் தெளிவு. 360களில் வரியாக வந்த காசுகளில் மாற்றுக் குறைந்தவையும் போலியும் கலந்திருந்தன. பேரரசர்கள் வாலன்டினியனும் வாலன்ஸும் வரித் தங்கத்தை உருக்கிக் கட்டியாக்கிய பிறகே கருவூலத்துக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். 368 வாக்கில் சுத்தப்படுத்திய தங்கத்தில் அடித்த காசுகள் இந்த முத்திரையோடு வெளிவந்தன. அதற்குப் பிந்திய சாலிடஸைச் சோதித்தால் 98, 99 சதவீதம் தங்கம் சாதாரணமாகவே காட்டும். அதற்கும் சில வருடம் முன்பு, 363இல், பேரரசர் ஜூலியன் ஊருக்கு ஒரு எடைபார்ப்பவரை நியமித்தார், சாலிடஸ் சரியா குறையா என்று வாங்குபவரும் கொடுப்பவரும் சண்டை போட்டால் தீர்த்துவைக்க. நீங்கள் இன்று கேட்கும் கேள்வியைத்தான் அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது உங்கள் சந்தேகம், ஏன் இவ்வளவு புதிதாக இருக்கிறது என்பது. இதற்குப் பயப்பட வேண்டாம். தங்கம் களிம்பு ஏறாது, துரு பிடிக்காது. அதோடு சாலிடஸ் சந்தையில் கீரை வாங்கும் காசு இல்லை. வரி, படைவீரர் சம்பளம், அந்நியருக்குக் கட்டும் கப்பம், நிலம் வாங்குவது என்று பெரிய கைகளில் மொத்தமாக நகர்ந்தது. ஆபத்து வந்தால் மொத்தமாகவே புதைக்கப்பட்டது. புதைத்தவர் திரும்பி வராதபோது காசு அடித்த நாள் மாதிரியே மண்ணுக்குள் கிடந்தது. 1992இல் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் ஒரு விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித்தர நண்பர் ஒருவர் உலோகம் கண்டறியும் கருவியோடு போனார். கிடைத்தது 569 சாலிடஸ், 14,000க்கு மேல் வெள்ளிக் காசு, தங்க நகைகள், வெள்ளிப் பாத்திரங்கள். அவர் தோண்டாமல் நிறுத்தி அதிகாரிகளுக்குச் சொன்னதால் தொல்லியலாளர்கள் வந்து பெட்டிக்குள் எது எங்கே இருந்தது என்றுகூடப் பதிவு செய்ய முடிந்தது. எல்லாம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அந்தச் சுத்தியல் உட்பட. 2012இல் செயின்ட் ஆல்பன்ஸ் பக்கத்தில் 159 சாலிடஸ் கிடைத்தன. 2018இல் இத்தாலியின் கோமோ நகரில் பழைய தியேட்டர் ஒன்று இருந்த இடத்தைத் தோண்டும்போது மாக்கல் ஜாடி ஒன்றில் சுமார் 1,000 காசு கிடைத்தது.

இன்னொரு காரணம், அடித்த எண்ணிக்கை. 440களில் அட்டிலாவின் ஹூணர்களோடு செய்த உடன்படிக்கையில் பாக்கியாக 6,000 பவுண்டு தங்கமும், அப்புறம் வருடா வருடம் 2,100 பவுண்டும் தர கிழக்கு ரோமப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் ஒப்புக்கொண்டார் என்று அக்கால எழுத்தாளர் பிரிஸ்கஸ் சொல்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாக்கி மட்டும் 4,32,000 சாலிடஸ், வருடக் கப்பம் 1,51,200. அதே காலத்தில் தியோடோசியஸின் 42ஆம் ஆட்சி வருடத்தைக் குறிப்பிட்ட சாலிடஸ் வகை ஒன்று ஏராளமாக அடிக்கப்பட்டது. 1963இல் ஹங்கேரியின் சிக்கான்ச்சில் 1,439 சாலிடஸ் ஒரே இடத்தில் கிடைத்தன. கப்பத்துக்காகவே அடித்த காசுகள் என்று பல பட்டியல்களில் அடித்துச் சொல்லியிருப்பார்கள். காலமும் இடமும் பொருந்துகின்றன, நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அது ஊகம், காசின் மேல் அப்படி எதுவும் எழுதியில்லை. 'அட்டிலாவின் கை பட்டது' என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் போலி இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. நகைத் தொழிலிலிருந்து வருகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள், நானும் தவறினேன். நமக்கு உரைகல்லில் உரைத்து மாற்று சரியாக இருந்தால் மனசு ஆறிவிடும். காசு விஷயத்தில் தங்கம் சுத்தம் என்பது ஏறக்குறைய ஒன்றையும் நிரூபிக்காது. சேகரிப்பவர் தரும் விலை தங்கத்தின் விலையைவிட நன்றாகவே மேலே இருக்கும்போது, போலி செய்பவர் நல்ல தங்கத்திலேயே செய்வார். 200 வருடத்துக்கு முன் ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்பவர் பழங்காசுகளுக்கு எஃகு அச்சு வெட்டி நல்ல தங்கத்திலும் வெள்ளியிலும் அடித்தார். புதுக்காசின் மினுமினுப்பு போக, இரும்புத் துருவலோடு ஒரு பெட்டியில் போட்டுத் தன் வண்டியின் அச்சில் கட்டி ஊர் சுற்றுவாராம். அவர் அச்சுகள் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் அடித்தவை இன்றும் ஏதாவது பழைய பெட்டியிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் தேர்ந்தவர்கள்.

எடையடர்த்தி பார்க்கலாமா என்று கேட்பீர்கள். பார்க்கலாம், ஆனால் தராசு முக்கியம். சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3, நல்ல சாலிடஸ் 19ஐ ஒட்டி வரும். 4.46 கிராம் காசை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால் எடை 0.23 கிராம்தான் குறையும். இரண்டு தசம இடம் காட்டும் சாதாரணத் தராசில் அது 0.23 என்று வந்தால் அடர்த்தி 19.4, 0.24 என்று வந்தால் 18.6. கடைசி எண் ஒன்று மாறினாலே விடை இவ்வளவு ஆடுகிறது. மூன்று தசம இடம் காட்டும் தராசு இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். அதுவும் மட்டமான போலியைத்தான் பிடிக்கும்.

பிடிக்க வேண்டியது தங்கத்தை அல்ல, அடித்த விதத்தை. பழங்காசு அச்சில் அடித்தது. அச்சுக்கு நடுவில் தங்கம் நசுங்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும். பத்து மடங்கு லென்ஸில் எழுத்துகளுக்கு வெளியே, ஓரத்தை நோக்கி மெல்லிய கதிர் மாதிரிக் கோடுகள் தெரியும். எழுத்தின் விளிம்பு தரையிலிருந்து செங்குத்தாக எழும்பும். வார்ப்பில் செய்த போலியில் அந்த விளிம்பு சோப்பு கரைந்ததுபோல் மழுங்கியிருக்கும், தரையில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். அச்சில் அடித்த போலியைக் கண்டுபிடிக்க இது போதாது. அதற்கு ஒப்பிடவேண்டும். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசு இருப்பது இயல்பு. ஆனால் அடித்த பிறகு விழுந்த ஒரு கீறல், ஓரத்து வெடிப்பு, இவை இரண்டு காசில் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரதி எடுத்திருக்கிறார்கள். அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்தும் ஆன்லைன் பட்டியலில் 491 வரையிலான ரோமக் காசுகள் வகைவாரியாகப் படத்தோடு இலவசமாக இருக்கின்றன. ஏலப் பதிவுகளைத் தேடித்தரும் தளங்களும் இருக்கின்றன. உங்கள் வகையில் ஐம்பது காசின் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். அதன்பின் உங்கள் கண்ணுக்கே சிலது உறுத்தத் தொடங்கும். அந்த உறுத்தலை ஒதுக்காதீர்கள்.

நான் பட்ட அடியைச் சொல்கிறேன். இந்த வேலைக்கு வந்த இரண்டாவது வருடம் எனக்கென்று பேரரசர் ஜீனோவின் சாலிடஸ் ஒன்று வாங்கினேன், ஒரு கண்காட்சியில், ஒரு வியாபாரியிடம். எடை 4.41, மாற்று சுத்தம், எழுத்து கூர்மை. ஒரு மாதம் கழித்து மேசை விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்க்கும்போது, பேரரசரின் தலைக்கு நேர் மேலே, கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில், ஓரம் மட்டும் மற்ற இடத்தைவிட மினுங்கியது. அங்கே இருக்கவேண்டிய புள்ளி வளையத்தில் நாலைந்து புள்ளி காணோம். நகை பார்த்துப் பழகிய கைக்கு அது என்ன என்று உடனே புரிந்திருக்க வேண்டும். யாரோ அதற்குக் காது வைத்துப் பதக்கமாகப் போட்டிருந்திருக்கிறார்கள். பின்னால் காதை எடுத்து, பொடி வைத்து, அதாவது பற்றாசு வைத்து, ஒட்டிய இடத்தை அரத்தால் ராவி, மெருகு போட்டிருக்கிறார்கள். தெரிந்த கடையில் காரட் மீட்டரில் அந்த ஓரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் காட்மியம் காட்டியது. நம் ஊரில் கேடிஎம் நகை என்கிறோமே, அந்தக் காட்மியம்தான். அந்த உலோகமே 1817இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. காசு அசல், பற்றாசு நவீனம். நான் கொடுத்ததில் பாதிக்கும் குறைவுதான் அதன் சரியான விலை. இன்றும் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அதைக் கையில் கொடுத்து, என்ன கோளாறு சொல் என்று கேட்பேன்.

அணிந்த காசு என்றால் மட்டம் என்று சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்தவை அவற்றில்தான் இருக்கின்றன. தென்னிந்தியாவில் கிடைத்த ரோமத் தங்கக் காசுகளில் தலைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை போட்டவை பல. மாலையில் கோத்தால் முகம் திரும்பாமல் நேராக நிற்பதற்காக இரண்டு. நம் காசுமாலையை நினைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தின் அக்கி ஆலூர்ப் புதையலில் 5, 6ஆம் நூற்றாண்டுக் கிழக்கு ரோமப் பேரரசர்களின் சாலிடஸ்கள் இருந்தன. இங்கேயே அவற்றைப் பார்த்துச் செய்த உள்ளூர்ப் பிரதிகளும் உண்டு. எழுத்து புரியாமல் வெட்டியிருப்பதால் எழுத்து கோலம் மாதிரி இருக்கும். அந்தக் காலத்துப் பிரதி ஏமாற்றச் செய்த போலி அல்ல, அதற்கென்று தனி மதிப்பு உண்டு. இலங்கையில் பிற்கால ரோமச் செப்புக் காசு ஏராளம், தங்கம் மிக அரிது. ஆனால் காஸ்மாஸ் இண்டிகோப்ளுஸ்டஸ் என்ற அலெக்சாண்டிரியா வணிகர் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு கதை இலங்கையில்தான் நடக்கிறது. ரோம ராஜா, பாரசீக ராஜா இருவரில் யார் பெரியவர் என்று இலங்கை அரசன் கேட்க, பாரசீகன் தன் ராஜா என்றானாம். சோபாட்ரஸ் என்ற ரோம வணிகன் இரண்டு பேரின் காசையும் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்றானாம். ஒன்று பளபளக்கும் தங்கம், மற்றது வெள்ளி. அரசன் ரோமர் பக்கம் தீர்ப்புச் சொன்னான். நடந்ததா? எனக்குச் சந்தேகம். இலங்கை அரசன் ரோமக் காசைப் பார்த்து மெச்சியதாக 500 வருடம் முன்பே ரோம எழுத்தாளர் பிளினியும் எழுதியிருக்கிறார், ஒரே கதை சுற்றிவருகிறது போலிருக்கிறது. ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் காசை நல்லதாகப் பொறுக்கி அனுப்புவார்கள் என்று காஸ்மாஸ் போகிறபோக்கில் சொல்கிறார். அதை நான் நம்புகிறேன்.

இந்தியா பேச்சு வந்ததால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். தனியார் அதை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகக் கூடாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். நீங்கள் ஐரோப்பாவில் வாங்கிய காசை ஊருக்குக் கொண்டுபோய் அப்பா அம்மாவிடம் காட்டலாம் என்று நினைத்தால், திரும்பி வரும்போது விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. படத்தைக் காட்டுங்கள் போதும். ஊரில் யாராவது வீடு கட்டத் தோண்டும்போது கிடைத்தது என்று காசு நீட்டினால் தொடவே தொடாதீர்கள். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

இதனால்தான் காசைவிட அதன் காகிதம் முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது. எந்தச் சேகரிப்பில் இருந்தது, எந்த வருடம் எந்த ஏலத்தில் விற்றது, அந்தப் பட்டியலில் படம் இருக்கிறதா? கலாசாரப் பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. அதற்கு முன்பே அச்சான பட்டியலில் படத்தோடு இருக்கும் காசு என்றால் கூடுதல் பணம் தரலாம். அது சமீபத்தில் களவாகத் தோண்டியதில்லை என்று தெரியும், அதன்பின் வந்த போலிப் பட்டறைகளில் செய்ததில்லை என்றும் தெரியும். ஒரே காகிதம் இரண்டு பயத்தையும் தீர்க்கிறது. 'ஒரு ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து' என்று மொட்டையாக எழுதியிருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. ஹாக்ஸ்னில் அந்த மனிதர் தோண்டுவதை நிறுத்தினாரே, அதனால் நமக்குத் தெரிந்தது எவ்வளவு! களவாகத் தோண்டிப் பிரித்து விற்ற புதையல்களில் அந்த அறிவு முழுவதும் போய்விட்டது, திரும்ப வராது. அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியாக நாம் இருக்கக் கூடாது.

முதலீடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தங்கம்தான் வேண்டும் என்றால் தங்கக் கட்டி வாங்குங்கள். ஐரோப்பிய ஏலங்களில் சுத்தியல் விழும் விலைக்கு, அதாவது ஏலம் முடியும் விலைக்கு, மேல் வாங்குபவர் கட்டணமாக 20 முதல் 25 சதவீதம் வரை சாதாரணமாக வரும், அதன்மேல் வரி, அஞ்சல், காப்பீடு. விற்கும்போதும் ஏல நிறுவனம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். நகையின் செய்கூலி சேதாரம் போலத்தான், உடனே விற்றால் நிச்சயம் நஷ்டம். ஹொனோரியஸ், ஆர்க்கேடியஸ், இரண்டாம் தியோடோசியஸ், பின்னால் அனஸ்டாசியஸ், ஜஸ்டினியன் ஆகியோரின் சாலிடஸ் அரிதில்லை, ஒவ்வொரு பெரிய ஏலத்திலும் வரும். இது நல்லதுதான், அவசரப்பட வேண்டியதில்லை. மேற்கின் கடைசிப் பேரரசர் ரோமுலஸ் அகுஸ்டுலஸ் போன்றவர்களின் காசு மிக அரிது. போலியும் அவற்றில்தான் குறிவைத்து வரும், ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். சாலிடஸ் கைக்கு எட்டாவிட்டால் மூன்றில் ஒரு பங்கான டிரெமிசிஸ் வாங்கலாம், ஒன்றரைக் கிராம் சின்னக் காசு, அழகானது.

உங்கள் காசில் ஒன்றைக் கவனியுங்கள். பின்பக்கத்து எழுத்து 'அகுஸ்டஸ்களின் வெற்றி' என்று பொருள்படும். அகுஸ்டஸ் என்பதன் சுருக்கத்தில் ஜி மூன்று தடவை வரும், அதாவது மூன்று பேரரசர்கள். முதலாம் தியோடோசியஸ், அவர் மகன்கள் ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் மூவரும் இருந்தது 395 ஜனவரி வரைதான், அந்த மாதம் தந்தை இறந்துவிட்டார். இருந்தும் மகன்கள் இருவரும் மூன்று ஜியோடேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆக, மூன்று ஜியை வைத்து மட்டும் யாராவது 394 என்று தேதி சொன்னால் அது போதாது.

ஏலத்துக்கு முன் அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ஓரத்தின் படம், குறிப்பாகத் தலைக்கு மேல் 12 மணி இடம் கிட்டத்தில். முந்தைய ஏல விவரம், வருடத்தோடு. பின்னால் போலி என்று தெரிந்தால் பணத்தைத் திரும்பத் தருவார்களா, எத்தனை வருடத்துக்குள். சிங்கப்பூருக்கு அனுப்ப ஏற்றுமதி அனுமதி வேண்டுமா, அதை அவர்களே வாங்கித் தருவார்களா, எத்தனை வாரம் ஆகும். நல்ல நிறுவனம் இரண்டு நாளில் நான்குக்கும் பதில் சொல்லும். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த ஏலத்திலும் எம் டி ஹொனோரியஸ் வரும். பதில் வந்தால் ஓரத்துப் படத்தை இங்கே போடுங்கள், பார்த்து என் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.